சூளைச் சூட்டில் எரியாதவை

ஜொகூரின் நடுப்பகுதியில் உள்ள ஆயர் ஈத்தாமைத் தெரியாத மலேசியப் பயணி குறைவு. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் வண்டிகள் காலங்காலமாக நின்று இளைப்பாறிய ஊர் அது. சாலையோரக் கடைகளில் பூச்சட்டிகளும் ஜாடிகளும் பீங்கான் பொம்மைகளும் அடுக்கடுக்காக இருக்கும். இந்த வட்டாரத்துக் களிமண்ணை நம்பித்தான் தென்சீனத்திலிருந்து வந்த குயவர்கள் இங்கே சூளை போட்டார்கள். சரிவான நிலத்தில் செங்கல்லால் கட்டிய நீண்ட குகை போன்ற அந்தச் சூளைக்கு டிராகன் சூளை என்று பெயர். அடியில் தீ மூட்டினால் அனல் மேல்நோக்கி ஓடும். இருபுறமும் உள்ள துளைகள் வழியாக விறகைப் போட்டுக்கொண்டே மேலே போவார்கள். உள்ளே 1,200 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்.

ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய சூளைகளைத் தொடக்கக் காலத்தில் வாழவைத்த பொருள்களில் ஒன்று, ரப்பர்த் தோட்டத்து மங்கு. தமிழர்கள் விடியலில் பால்மரத்தைச் சீவி, அந்த மங்குகளில் பாலைப் பிடித்தார்கள். வயதாகிப் பால் வற்றிய மரங்களை மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்தபோது, அந்தக் கட்டைகள் சூளைகளுக்கும் செங்கல் காளவாய்களுக்கும் ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடங்களுக்கும் விறகாயின. மரம், மங்கு, விறகு எல்லாம் ஒரே வட்டாரத்தில் சுழன்றன. அந்த விறகில் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

1980களில் இந்தச் சுழற்சி மாறியது. வெறும் விறகாகப் போய்க்கொண்டிருந்த ரப்பர்க் கட்டை, நாற்காலி மேசை செய்ய ஏற்ற வெளிர்நிற மரமாக உலகச் சந்தையில் மதிப்புப் பெற்றது. ஜொகூரின் மூவார், மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியின் தலைநகராக வளர்ந்தது. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. அறுத்துச் சில நாள் விட்டாலே நீலப் பூஞ்சை பிடிக்கும், துளைவண்டு மாவாக்கிவிடும். அதனால் அறுத்த கையோடு பலகைகளை இரும்பு உருளைத் தொட்டியில் அடைத்து, அழுத்தம் கொடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மரத்தின் உள்வரை ஏற்றுகிறார்கள். பிறகு அது பசை, சாயம், அரக்கு எல்லாம் கண்டு நாற்காலியாகிறது. மிஞ்சும் துண்டுகள் மூட்டையாகக் கிடைக்கும். விலை குறைவு, காய்ந்திருக்கும், வெட்டும் வேலை இல்லை. விறகு விலை ஏறிய காலத்தில் சூளைக்காரரின் கண் அதன்மேல் விழுவது இயல்பு. இடித்த வீட்டின் கூரைச் சட்டங்கள், துறைமுகத்தில் கழித்த பாலெட் பலகைகள், பழைய படகுக் கட்டைகள், தண்டவாளத்திலிருந்து பெயர்த்த சிலிப்பர் கட்டைகள் ஆகியவையும் இதே கணக்கில்தான் சூளைவாய்க்கு வருகின்றன.

இவற்றை எரிக்கலாமா என்று கேட்டால், உலகெங்கும் சூளை போடுவோரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அந்தச் சூட்டில் எல்லாம் எரிந்துபோகும். இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லக்கூடியது.

தீ செய்யும் வேலை, மூலக்கூறுகளை உடைப்பது. கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள் எதுவானாலும், போதிய சூடும் போதிய காற்றும் போதிய நேரமும் கிடைத்தால் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பிரிந்துவிடும். ஆனால் ஆர்செனிக், குரோமியம், செம்பு, ஈயம் போன்றவை தனிமங்கள். 1,300 டிகிரி என்ன, 3,000 டிகிரியிலும் அவற்றை எரித்து ஒழிக்க முடியாது. விறகோடு உள்ளே போன ஒவ்வொரு கிராமும் புகையாகவோ சாம்பலாகவோ சூளைச் சுவரிலோ பாண்டத்தின் மேலோ இருந்தாக வேண்டும். ஆகவே, சூளை எவ்வளவு சூடு என்பதற்கு முன்னால், மரத்துக்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

மருந்துகளில் மிகக் கொடியது, செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த சி.சி.ஏ. இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் 1933-இல் இதை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மர நாரோடு இறுகப் பிணைக்கும். மழையும் வெயிலும் கரையானும் ஓயாத நாடுகளுக்கு அது பெரிய வரம். மின்கம்பங்கள், வேலிக்கால்கள், பாலங்கள், படகுத்துறைகள் என எங்கும் பரவியது. மலேசியக் கட்டுமானங்களில் வெளிர்பச்சைச் சாயலோடு தெரியும் கூரைச் சட்டங்கள் பலவும் இந்த மருந்து ஏறியவையே. நின்ற இடத்தில் நிற்கும்வரை இந்த மரத்தால் பெரிய தொல்லை இல்லை. அறுக்கும்போதும் எரிக்கும்போதும்தான் அது வேறு முகம் காட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலத்தில் ஊன்றும் மரத்துக்கு, ஒரு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து ஏற்றுவது அமெரிக்காவில் நெடுநாள் இருந்த வழக்கம். பரவலாகப் பயன்பட்ட கலவையில் மூன்றில் ஒரு பங்கு ஆர்செனிக் ஆக்சைடு. அப்படியானால் ஒரு கன மீட்டர் மரத்தில் ஏறத்தாழ 1.4 கிலோ ஆர்செனிக் இருக்கிறது. சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சிக் கையாளும் ஆர்செனிக் ஆக்சைடு, சில நூறு டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சூடு ஏற ஏற, சாம்பலில் தங்கும் ஆர்செனிக் குறைந்து புகையில் போவது கூடுகிறது. புகைக்கூண்டைத் தாண்டிக் குளிர்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக உறைந்து அக்கம்பக்கத்தில் படிகிறது. சூளையின் கடுஞ்சூடு இங்கே காப்பதற்கு மாறாக விஷத்தை ஊருக்குள் அனுப்பி வைக்கிறது. செம்பும் குரோமியமும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். மரத்துக்குள் ஓரளவு தீங்கற்ற வடிவில் இருந்த குரோமியத்தில் ஒரு பகுதி, காரத்தன்மை கொண்ட சாம்பலில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியமாக மாறுகிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு 1984-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு சான்று. விஸ்கான்சின் மாநிலக் கிராமப்புறத்தில் 8 பேர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளாகக் காரணம் தெரியாத நோய்களால் அவதிப்பட்டது. தோலில் தடிப்பு, மூச்சுக் கோளாறு, தசைப்பிடிப்பு, வலிப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல். குளிர்காலத்தில் மோசமாகும், கோடையில் தணியும். குளிருக்கு வீட்டு அடுப்பில் அவர்கள் எரித்தது சி.சி.ஏ. ஏற்றிய ஒட்டுப்பலகைத் துண்டுகள். முடியிலும் நகத்திலும் அடுப்புச் சாம்பலிலும் ஆர்செனிக் இருந்தது. காரணம் கண்டுபிடிக்கும்வரை, அந்த வீட்டாருக்கு அது காய்ந்த, இலவசமான நல்ல விறகு.

ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீக்குப் பிறகு சுகாதாரத் துறையினர் ஊர் ஊராக எச்சரிப்பது எரிந்துபோன வேலிக்கால்களைப் பற்றித்தான். இம்மருந்து ஏறிய மரத்தின் சாம்பலில், எடையில் 10 விழுக்காடு வரை ஆர்செனிக்கும் குரோமியமும் செம்பும் இருக்கலாம் என்றும், சில கிராம் உள்ளே போனாலே ஆபத்து என்றும் சொல்கிறார்கள். வேலியோரம் எரிந்த சாம்பலை நக்கிய மாடுகள் செத்த நிகழ்வுகள் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு, வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் சி.சி.ஏ. ஏற்றுவது நின்றது, ஐரோப்பாவும் அடுத்த ஆண்டு கட்டுப்படுத்தியது. ஆனால் அதற்கு முன் நட்ட கம்பமும் கட்டிய கூரையும் இப்போதுதான் ஒவ்வொன்றாக இடிபட்டு விறகுக் குவியலுக்கு வருகின்றன.

அடுத்த வகை, கரிமச் சேர்மங்கள். தண்டவாளக் கட்டைக்கு ஊட்டிய கிரியோசோட் எண்ணெய், பழைய பூஞ்சைக்கொல்லியான பென்டாகுளோரோஃபீனால், ஒட்டுப்பலகையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, பலகையின் ஓரத்தில் ஒட்டும் பி.வி.சி. பட்டை, மேலே பூசிய அரக்கு ஆகியவை இதில் சேரும். ‘எல்லாம் எரிந்துபோகும்’ என்ற பேச்சு பொருந்தினால் இவற்றுக்குத்தான் பொருந்த வேண்டும். அங்கும் சூளை வேலையின் இயல்பு குறுக்கே நிற்கிறது. சூளை எடுத்த எடுப்பிலேயே 1,200 டிகிரிக்குப் போவதில்லை. ஈரம் காய, பாண்டம் வெடிக்காமல் இருக்க, மணிக்கணக்கில் மெல்லிய தீ. அந்த நேரத்தில் போடும் விறகு பாதி வெந்து புகையாகவே வெளியேறும். உச்சச் சூட்டிலும், பாண்டத்தின் கண்ணாடிப் பூச்சான மெருகின் நிறத்துக்காகக் காற்றை வேண்டுமென்றே அடைத்து, தீயை மூச்சுமுட்ட வைக்கும் கட்டம் உண்டு. கரும்புகை எழும் அந்த நேரத்தில் புற்றுநோயூட்டும் தார்ச்சேர்மங்கள் முழுதாக எரிய வாய்ப்பில்லை.

குளோரின் கலந்த மரமானால் இன்னொரு சிக்கல். டையாக்சின்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் பெருந்தீயில் சிதைந்தாலும், புகை குளிர்ந்து ஏறத்தாழ 450-லிருந்து 200 டிகிரிக்கு இறங்கும்போது மறுபடி உருவாகின்றன. சுற்றிலும் செம்புத் துகள் இருந்தால் அது ஊக்கியாகி அந்த வேலையை விரைவுபடுத்தும். ஆக, செம்பு ஏறிய கம்பத்தையும் பி.வி.சி. ஒட்டிய பலகையையும் ஒரே தீயில் போடுவது இரண்டு கேடுகளின் கூட்டல் மட்டுமல்ல, மூன்றாவது ஒன்றின் பிறப்பும்கூட. கடல்நீரில் ஊறிய படகுக் கட்டையும் இந்தக் கணக்கில் வரும். உப்பில் குளோரின் இருக்கிறது, அடிப்பாகத்துப் பூச்சில் செம்பு இருக்கிறது.

விறகின் குற்றம் விளைபொருளில் ஏறும் என்பதை 2003-இல் ஜெர்மனி கண்டது. பேக்கரிக் கழிவை உலர்த்திக் கால்நடைத் தீவனமாக்கும் இடத்தில் மருந்தேறிய பழைய மரத்தை எரித்தார்கள்; தீவனத்தில் டையாக்சின் ஏறியது. 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பென்டாகுளோரோஃபீனாலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தென்கிழக்காசிய மர ஆலைகளில் ரப்பர்க் கட்டையின் பூஞ்சையைத் தடுக்க அதன் சோடிய உப்பு ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்டது என்பதால், அந்தக் காலத்து மரச்சாமான்களை உடைத்து எரிப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

இனி, ஜொகூரில் மிகுதியாகக் கிடைக்கும் போரான் ஏறிய ரப்பர்க் கட்டை. இதை ஆர்செனிக்கோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. போராக்ஸ் குயவருக்குப் பழகிய சரக்கு. மெருகைச் சீக்கிரம் உருகவைக்கப் போரான் கலந்த கண்ணாடித் தூளை அவர்களே வாங்கிச் சேர்க்கிறார்கள். சூளையில் ஆவியாகும் போரான், பாண்டத்தின் மேல் படிந்து மெருகை ஓடச் செய்யலாம், சூளைச் செங்கல்லின் முகத்தை மெல்ல அரிக்கலாம். ஆனால் தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. போரிக் அமிலம் இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சாம்பலைத் தினமும் வாரும் ஆளுக்கு அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. செடிக்கும் போரான் துளியளவு போதும், மிஞ்சினால் இலை கருகும். தோட்டத்துக் கீரைக்கு இந்தச் சாம்பல் ஆகாது.

மரத்தில் போரான் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை தமிழருக்கு அந்நியமானதல்ல. மர ஆலைகளில் மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த கரைசலைப் புதிதாக அறுத்த முகத்தில் தெளித்து உலரவிடுவார்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த இன்னொரு கரைசலைத் தெளிப்பார்கள். போரான் ஏறிய இடம், சுண்ணாம்பு பட்ட ஆரத்தி நீரைப் போலச் சிவந்துவிடும். ஏறாத நடுப்பகுதி மஞ்சளாகவே நிற்கும். ஒரே பலகையில் மருந்து எதுவரை இறங்கியிருக்கிறது என்பது வரைபடம்போலத் தெரியும். செம்பைக் கண்டுபிடிக்கவும் சோதனைக் கரைசல்கள் உண்டு. குரோம் அசூரோல் தடவினால் செம்பு உள்ள மரம் கருநீலமாகும். வெறும் கண்ணை நம்ப முடியாது. புதிதில் பச்சையாகத் தெரியும் சி.சி.ஏ. மரம், பத்தாண்டு வெயிலில் சாம்பல் நிறமாகி, மற்ற எந்தப் பழைய மரத்தோடும் கலந்துவிடும்.

பாலெட் பலகைகளுக்கு வழி எளிது. பன்னாட்டுச் சரக்கோடு போகும் மரப்பெட்டிகளிலும் பாலெட்டுகளிலும் பூச்சி பரவாமல் தடுக்க 2002-இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி வந்தது. அதன்படி பலகையில் கதிர் முத்திரையும் நாட்டுக் குறியும் இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, மருந்து எதுவும் இல்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை ஒதுக்குவது நல்லது. ஒன்று நினைவில் இருக்க வேண்டும். முத்திரை சொல்வது பூச்சிக்குச் செய்த வைத்தியத்தை மட்டும். பிறகு அந்தப் பலகைமேல் என்ன சிந்தியது என்பதை அது சொல்லாது. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் போன்ற துறைமுகங்களில் இரசாயனப் பீப்பாய் சுமந்த பாலெட்டும், பால்மாவு சுமந்த பாலெட்டும் தோற்றத்தில் ஒன்றே. கறையோ வாடையோ இருந்தால் அது விறகல்ல.

பாண்டத்துக்கு என்ன ஆகும்? டிராகன் சூளையின் அழகே, பறக்கும் விறகுச் சாம்பல் பாண்டத்தின் தோளில் படிந்து உருகித் தானே மெருகாவதுதான். நன்றாக உருகிய மெருகு கண்ணாடி. அது உலோகங்களைப் பெரும்பாலும் தன்னுள் பூட்டிக்கொள்ளும். சூடு போதாமல் சரியாக உருகாத இடத்தில் பூட்டு இறுகாது. அங்கே புளிக்குழம்போ ஊறுகாயோ இருந்தால் அமிலம் உலோகத்தைக் கரைத்தெடுக்கும். மெருகில் சேரும் செம்பு, அதே மெருகில் ஈயம் இருந்தால் அதன் கசிவையும் கூட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பாண்டங்களுக்கான பன்னாட்டுக் கசிவுச் சோதனையான ஐ.எஸ்.ஓ. 6486 அளப்பது ஈயத்தையும் காட்மியத்தையும் மட்டுமே. சோதனையில் தேறிய சட்டி என்றால் ஆர்செனிக்கும் குரோமியமும் இல்லை என்று பொருளாகாது. பூச்சட்டிக்கு இதெல்லாம் பெரிய கவலையில்லை. சோறுண்ணும் கிண்ணத்துக்கு உண்டு.

வாங்குபவருக்கு முன்னால் அடிபடுவது சூளையடியில் நிற்பவர். விறகு தள்ளுபவர், சூளை ஆறியதும் உள்ளே குனிந்து பாண்டம் எடுப்பவர், சாம்பலைச் சலித்துக் கழுவி மெருகுக்குத் தயார்செய்பவர். தூசி முகமூடி துகளை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. டிராகன் சூளைக்காவது புகையை மேலே இழுத்துச் செல்லும் அமைப்பு உண்டு. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் பொங்கல் பானையும் அகல் விளக்கும் வனையும் தமிழ்க் குயவர்களுடையதைப் போன்ற மரபுச் சூளைகளில் சூடு பொதுவாக 900 டிகிரியைத் தாண்டுவதில்லை. புகை ஆளுயரத்திலேயே சுழலும். கரிமச் சேர்மம் முழுதாக எரிய அந்தச் சூடு போதாது. ஆர்செனிக் ஆவியாக அது தாராளமாகப் போதும். அங்கே தென்னை மட்டையும் சுத்தமான விறகும் எரிவதில்தான் அந்தத் தொழிலாளியின் நுரையீரல் இருக்கிறது.

ஜொகூர் மக்களுக்கு இரசாயனக் காற்று புத்தகச் செய்தியல்ல. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவால் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், நோயுற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 2014-ஆம் ஆண்டின் தூய காற்று விதிகளும் இருக்கின்றன. ஆனால் பெரிய ஆலையின் புகைபோக்கியைப் பார்க்கும் கண், எப்போதாவது ஒருநாள் எரியும் சூளையின் விறகுக் குவியலைப் பார்ப்பது கடினம். அங்கே காவல் சூளைக்காரரின் கையில்தான் இருக்கிறது.

அவருக்கு மாற்று இல்லாமல் இல்லை. ரப்பர்க் கட்டை அறுக்கும் ஆலையில் முதலில் விழுவது பட்டையோடு கூடிய புறப்பலகை. அது மருந்துத் தொட்டிக்குப் போவதற்கு முன்பே கழிவது. பசையும் அரக்கும் காணாதது. மரச்சாமான் தொழிற்சாலையின் துண்டு மூட்டையை விட்டு அறுவை ஆலையின் புறப்பலகையைக் கேட்டு வாங்கினால், அந்தப் பழைய தோட்டத்து விறகேதான் கைக்கு வரும். மறுநடவில் சாயும் மரத்தின் கிளைகளும் அப்படியே. எச்.டி. முத்திரையோடு கறையில்லாத பாலெட்டைச் சேர்க்கலாம். ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப்., சாயம் பூசியது, கம்பம், சிலிப்பர், படகுக் கட்டை, எங்கிருந்து வந்ததென்று தெரியாத கூரைச் சட்டம் ஆகியவற்றைச் சூளை வளாகத்துக்குள்ளேயே விடக்கூடாது. உள்ளே வந்த கட்டை ஏதாவது ஒரு நள்ளிரவில், சூடு ஏறாத அவசரத்தில், துளைக்குள் போய்விடும். சாம்பலை நனைத்து வார வேண்டும். எந்த விறகின் சாம்பல் என்று வாளியில் எழுதி வைக்க வேண்டும். ஐயத்துக்குரிய சாம்பலைச் செடிக்கும் போடக்கூடாது, பாத்திரம் துலக்கவும் எடுக்கக்கூடாது.

செலவு கொஞ்சம் கூடும். அதைச் சூளைக்காரர் ஒருவரே சுமக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டுப் பலகைக்கும் எந்த மருந்து, எவ்வளவு ஏற்றினோம் என்பது மரத்துக்கு மருந்தேற்றும் ஆலைக்குத் தெரியும். விற்கும் கழிவு மூட்டையிலும் அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால், மூவாரிலிருந்து ஆயர் ஈத்தாம்வரை யாரும் ஊகித்து எரிக்க வேண்டியிராது. சூளை எரிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் கலைக்கூடங்களும் கல்லூரிகளும் களிமண் பிசைவதற்கு முன்பே விறகைப் பிரிக்கும் பாடத்தை மாணவர் கையில் கொடுக்கலாம்: மேசைமேல் நான்கு துண்டு மரம், ஒரு புட்டி மஞ்சள் கரைசல், ஒரு புட்டி குரோம் அசூரோல். அரை மணி நேரத்தில் முடியும் பாடம் அது.